கார்த்திகை தாண்டிய மழை: 2021 ஜனவரியில் ராமநாதபுரக் கடலோரம்

2021 பொங்கலுக்கு முதல் நாள் காலை, உப்பூருக்கு வடக்கே எங்கள் வயலில் பெரியப்பா ஒரு நெல்கருதைப் பிடுங்கி என் கையில் கொடுத்தார். ஒன்றும் சொல்லவில்லை. விளைந்து முற்றிய கருதுதான். ஆனால் ஒவ்வொரு மணியின் நுனியிலும் வெள்ளையாக ஒரு முளை. சில மணிகளில் அது பச்சை பிடித்து ஊசி போல நீட்டிக்கொண்டிருந்தது. சாய்ந்து கிடந்த பயிரைக் கையால் தூக்கினால், அடியில் இருந்த கருதுகள் ஒன்றோடொன்று வேர் கோத்துப் பாய் போல எழுந்து வந்தன. எங்கள் பக்கம், முளைப்பாரி வைத்துக் கும்மி கொட்டும் முளைக்கொட்டுத் திண்ணை இல்லாத ஊர் குறைவு. முளைப்பாரி எப்படி இருக்கும் என்பது பிறந்த பிள்ளைக்கும் தெரியும். அன்றைக்கு வயலே முளைப்பாரியாக நின்றது.

மழைக்காக ஏங்கிக் கிடக்கும் மாவட்டம் இது. வானம் பார்த்த பூமி, தண்ணியில்லாக் காடு என்று வெளியூர்க்காரர்கள் சொல்லும்போது கோபம் வந்தாலும் மறுத்துப் பேச முடிந்ததில்லை. அப்படிப்பட்ட மாவட்டம் அந்த ஜனவரியில் மழையாலேயே விளைச்சலை இழந்தது. அதற்கு ஒரு மாதம் முன்பு ஒரு புயல் எங்கள் வாசலுக்கே வந்து நின்றது. அதற்கு நாங்கள் தயாராக இருந்தோம், பெரிய சேதம் இல்லாமல் தப்பினோம். புயலும் இல்லாமல் வெள்ளமும் இல்லாமல் வந்த மழைதான் எங்களைச் சாய்த்தது. இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கவே இதை எழுதுகிறேன்.

பெயர் வைத்த புயல்

2020 நவம்பர் 25 இரவு நிவர் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையேறியது. அந்தப் பேச்சு ஓயும் முன்பே வங்கக் கடலின் தென்மேற்கில் அடுத்தது உருவாகி, டிசம்பர் 1 அன்று புரெவி என்ற பெயரைப் பெற்றது. மாலத்தீவு கொடுத்த பெயர். டிசம்பர் 2 இரவு அது திருகோணமலைக்கு வடக்கே இலங்கையைக் கடந்தது. மறுநாள் மன்னார் வளைகுடாவுக்குள் இறங்கிப் பாம்பனை நெருங்கியது.

இந்தக் கடற்கரையில் டிசம்பர் புயல் என்ற சொல்லுக்கே தனி எடை உண்டு. 1964 டிசம்பர் 22 நள்ளிரவைத் தாண்டி அடித்த புயலில் தனுஷ்கோடி என்ற ஊர் போனது, ஒரு பயணிகள் ரயில் ஆட்களோடு போனது, பாம்பன் பாலத்தின் பெரும்பாலான கர்டர்கள் கடலுக்குள் போயின. நேரில் பார்த்தவர்கள் குறைந்துவிட்டாலும், அந்த இரவைப் பற்றிக் கேட்டு வளராத குழந்தை ராமேசுவரம் தீவில் கிடையாது. அதனால் புரெவி என்றதும் யாரும் தயங்கவில்லை. கடலுக்குப் போகத் தடை, பாம்பனில் எச்சரிக்கைக் கூண்டு, படகுகளை ஒதுக்கமான இடங்களுக்குக் கொண்டுபோய்க் கட்டுவது, தாழ்வான குடியிருப்புகளில் இருந்தவர்களை முகாம்களுக்கு மாற்றுவது, தேசியப் பேரிடர் மீட்புப் படை என எல்லாம் நடந்தன. டிசம்பர் 4 அன்று ராமநாதபுரம் உட்பட ஆறு தென்மாவட்டங்களுக்கு அரசு பொது விடுமுறை அறிவித்தது.

புயலோ ராமநாதபுரத்துக்குப் பக்கத்திலேயே கடலில் நின்றுவிட்டது. ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக வலுக்குறைந்து, ஒரு நாளுக்கும் மேல் நகரவே இல்லை. ஒரு புயலைத் தள்ளிக்கொண்டு போவது அதைச் சுற்றி மேலே ஓடும் காற்று. இரு பக்கமும் உயர் அழுத்தம் சம பலத்தோடு நின்றால், தள்ள ஆளில்லாத வண்டி போல அது இருந்த இடத்திலேயே கிடக்கும். புரெவிக்கு அதுதான் நடந்தது. மையம் எங்கள் பக்கம் நிற்க, அதை நோக்கி வங்கக் கடலிலிருந்து ஓடிய ஈரக்காற்று வடக்கே கடலூர், நாகை, மயிலாடுதுறை பக்கம் கொட்டித் தீர்த்தது. டிசம்பர் 4 காலையில் எடுத்த 24 மணிநேரக் கணக்கில் கொள்ளிடத்தில் 36 சென்டிமீட்டர், சிதம்பரத்தில் 34. ராமேசுவரம் தீவிலும் பலத்த மழைதான், வீடுகளைத் தண்ணீர் சூழ்ந்தது. ஆனால் மாவட்டத்தின் உள்பக்கம் எங்களுக்கு அது நல்ல மழையாகவே அமைந்தது. கண்மாய்களுக்குத் தண்ணீர் வந்தது, நெல் பச்சை கட்டியது.

அப்போது பயிர் எந்தப் பருவத்தில் இருந்தது என்பதுதான் பிறகு எல்லாவற்றையும் தீர்மானித்தது. இங்கே பெரும்பகுதி புழுதி விதைப்பு. ஆவணி, புரட்டாசியில் காய்ந்த மண்ணை உழுது நெல்லை விதைத்துவிட்டு, ஐப்பசி மழையில் முளைக்கட்டும் என்று விட்டுவிடுவோம். டிசம்பர் முதல் வாரத்தில் அந்தப் பயிருக்குத் தண்ணீர் தேவை. எவ்வளவு பெய்தாலும் ஏற்றுக்கொள்ளும்.

பெயர் இல்லாத மழை

கர்ணனுக்கு மிஞ்சிய கொடையும் இல்லை, கார்த்திகைக்கு மிஞ்சிய மழையும் இல்லை என்பார்கள். புரெவி கார்த்திகைக்குள் வந்தது. பழமொழிக்கு உட்பட்ட புயல் அது. அதன்பின் மார்கழி பிறந்ததும் எல்லோரும் வழக்கம்போல மழையை மறந்து அறுப்புக்கு வண்டி பேசத் தொடங்கினோம். மார்கழியில் ஓரிரு தூத்தல் விழும், தையில் பனி இறங்கும், கருது காயும். இப்படித்தான் இந்த ஊரின் நாள்காட்டி.

வானிலைத் துறையின் கணக்கிலும் அப்படித்தான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, ஜனவரியும் பிப்ரவரியும் குளிர்காலம். குளிர்காலம் என்றால் இந்தக் கரையில் குளிர் என்று பொருள் இல்லை. பாம்பனில் ஜனவரியில் பகல் வெப்பம் 28 டிகிரியை ஒட்டியும் இரவு 24 டிகிரியை ஒட்டியும்தான் இருக்கும். இருபுறமும் கடல் இருப்பதால் பகலுக்கும் இரவுக்கும் இடையே பெரிய ஏற்ற இறக்கம் கிடையாது. எங்களுக்குக் குளிர்காலம் என்பது வறண்ட வாடையும் தெளிந்த வானமும்தான். தமிழ்நாடு முழுவதற்குமான ஜனவரி மழையின் சராசரி 12 மில்லிமீட்டரை ஒட்டியது. ஒரு நல்ல ஐப்பசி மாலையில் அரைமணி நேரத்தில் பெய்துவிடும் அளவு.

2021 ஜனவரியில் மாநிலத்தில் பெய்தது அதைப்போலப் பத்து மடங்குக்கும் மேல். 5-ஆம் தேதி சென்னையில் கொட்டியது. அதன்பின் தெற்கே இறங்கியது. பொங்கலை ஒட்டிய நாட்களில் தாமிரபரணியில் வெள்ளம் ஓடியது, தொலைக்காட்சிகள் எல்லாம் அங்கே நின்றன. எங்கள் பக்கம் படம் எடுக்க ஒன்றும் இல்லை. காலையில் தூறும், பத்து மணிக்குச் சற்று வெறிக்கும், மக்கள் தார்ப்பாயை விலக்குவார்கள், மதியம் மறுபடி இருட்டிக்கொண்டு வரும். இரவெல்லாம் சொட்டிக்கொண்டே இருக்கும். வெயில் என்று ஒன்று தொடர்ந்து இரண்டு மணி நேரம் அடித்த நாள் அந்த வாரத்தில் எனக்கு நினைவில்லை. உப்பூர் பிள்ளையாருக்கு வெயிலுகந்த விநாயகர் என்று பெயர். வெயிலை விரும்பி ஏற்றவர். அந்த நாட்களில் அவர் சந்நிதியில் நின்றவர்கள் மழை வேண்டி நிற்கவில்லை. அந்த வாசலில் மழை நிற்கட்டும் என்று கேட்டதை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

ஏன் இப்படி? பொதுவாக ஜனவரியில் மழை தரும் தாழ்வுப் பகுதி நிலநடுக்கோட்டை நோக்கி இறங்கிவிடும். தீபகற்பத்தின் மேல் உயர் அழுத்தம் உட்கார்ந்துகொண்டு, நிலத்திலிருந்து வரும் வறண்ட காற்றைக் கடலை நோக்கித் தள்ளும். அந்த ஆண்டு அந்த மாற்றம் உரிய நேரத்தில் நடக்கவில்லை. இலங்கைக்கும் குமரிக் கடலுக்கும் அருகே கீழடுக்குச் சுழற்சிகள் ஒன்று மாற்றி ஒன்று நின்றுகொண்டிருந்தன. கிழக்கிலிருந்து அலை அலையாக வந்த ஈரக்காற்றை அவை இந்தக் கரைக்கு இழுத்தன. வடக்கிலிருந்து வாடை வீச வேண்டிய காலத்தில் கிழக்கிலிருந்து கொண்டல் வீசியது என்று கடலோரத்தில் சொன்னார்கள். இதைவிடச் சுருக்கமாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பசிபிக் கடலின் மேல்நீர் வழக்கத்தைவிடக் குளிர்ந்து கிடக்கும் லா நினா நிலை அப்போது. அக்டோபர் தொடங்கி டிசம்பர் வரை நமக்கு அது பெரும்பாலும் சாதகமாக இருப்பதில்லை. ஆனால் ஜனவரியைத் தாண்டியதும் இலங்கையிலும் தீபகற்பத்தின் தென்முனையிலும் மழையைக் கூட்டும் பக்கம் அது சாய்வதை ஆய்வாளர்கள் கவனித்திருக்கிறார்கள். பருவமழை விலகியதாக வானிலைத் துறை அறிவித்தது ஜனவரி 19-ஆம் தேதி. தை பிறந்து ஆறாம் நாள்.

கருதிலேயே முளைத்தது எப்படி

நெல்மணி உயிருள்ள விதை. முற்றியதும் கொஞ்ச காலம் உறங்கும். அந்த உறக்கம்தான் தாய்ச்செடியிலேயே முளைத்துவிடாமல் அதைக் காக்கிறது. உறக்கத்தைப் பிடித்து வைத்திருக்கும் இயல்பு எல்லா ரகத்துக்கும் ஒரே அளவில் இல்லை. சில ரகங்கள் வாரக்கணக்கில் உறங்கும், சில நாலைந்து நாளிலேயே விழித்துவிடும். விழிப்பதற்கு இரண்டு பொருள் போதும்: ஈரமும் வெதுவெதுப்பும். மணி தண்ணீரை உறிஞ்சி ஊறியதும், உள்ளே இருக்கும் மாவைச் சர்க்கரையாக உடைக்கும் வேலை தொடங்கிவிடும். அப்புறம் அதை நிறுத்த வழி கிடையாது. முளை வெளியே தெரிவதற்கு முன்பே அரிசியின் உறுதி போய்விடும். அரைத்தால் நொய்யாக உடையும், சமைத்தால் குழையும்.

எங்கள் குளிர்காலத்தின் இதமே இங்கே எங்களுக்கு எதிராகத் திரும்பியது. குளிர் உறைக்கும் ஊரில் கருது ஒரு வாரம் நனைந்தாலும் முளைக்கத் தயங்கும். இரவிலும் 24 டிகிரியை ஒட்டியே நிற்கும் கரையில், சாய்ந்து கிடக்கும் பயிருக்கு அடியில், ஈரமும் இருட்டும் கதகதப்பும் சேர்ந்தால் முளைப்பாரிக் குடத்துக்கும் அந்த வயலுக்கும் வித்தியாசம் இல்லை. மூன்றாம் நாள் வெள்ளை முனை, ஐந்தாம் நாள் பச்சை.

எல்லா வயலும் ஒரே அளவில் போகவில்லை. எங்கள் ஊரில் நான் பார்த்த வரையில், முந்தி விளைந்தவைதான் முதலில் போயின. நல்ல விவசாயி என்று பெயர் எடுத்தவர்கள், காலத்தில் விதைத்து, களை எடுத்து, மார்கழி மத்தியிலேயே கருது பழுக்க வைத்தவர்கள்தான் முதல் அடி வாங்கினார்கள். தாமதமாக விதைத்து, பயிர் இன்னும் பால் பிடிக்கும் நிலையில் இருந்தவர்களுக்குப் பாதியாவது மிஞ்சியது. இதை என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. ஆண்டு முழுவதும் சரியாகச் செய்தவருக்கு இந்த மழை கொடுத்த கூலி இது.

அறுத்தாவது காப்பாற்றலாம் என்றால் வயலுக்குள் அறுவடை வண்டி இறங்கவில்லை. சேற்றில் டயர் வண்டி புதையும். டயருக்குப் பதில் சங்கிலிப் பட்டையில் ஓடும் செயின் வண்டி வேண்டும். அது மாவட்டத்தில் குறைவு, வெளியூரிலிருந்து வர வேண்டும். அதே வாரத்தில் டெல்டாவிலும் அதே தேவை. வாடகை ஏறியது. ஏறிய வாடகையைக் கொடுக்கத் தயாராக இருந்தவர்களுக்கும் முறை வரவில்லை. ஆள் வைத்து அறுக்கலாம் என்றால், அறுவாளோடு வயலில் இறங்கப் பழகிய கைகள் ஊரில் இப்போது எத்தனை? இரண்டு மூன்று வீட்டுப் பெண்கள் சேர்ந்து எங்கள் மேட்டுத் துண்டை மட்டும் அறுத்துக் கொடுத்தார்கள். அந்த நெல்தான் அந்த ஆண்டு வீட்டுச் சாப்பாட்டுக்கு மிஞ்சியது.

தண்ணீரை வடித்துவிடலாமே என்று கேட்டவர்கள் இந்த நிலத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள். திருவாடானை, ராஜசிங்கமங்கலம் பக்கம் தரை மேசை போலத் தட்டை. வடிகால் கடலுக்குப் போக வேண்டும். முந்தைய மழையிலேயே கண்மாய்கள் நிறைந்து மிச்சத் தண்ணீர் கலுங்கு வழியே மறுகால் பாய்ந்துகொண்டிருந்தால், வயல் தண்ணீர் எங்கே போகும்? எங்கள் முன்னோர் கண்மாய்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சங்கிலி போலக் கோத்தது ஒரு சொட்டும் வீணாகாமல் பிடித்து வைக்க. தேக்குவதற்கு அமைத்த நிலம் வடிப்பதற்கு ஒத்துழைக்காது. போதாததற்கு வரத்துக்கால்களில் பாதி சீமைக்கருவேலம் மூடிக் கிடந்தது.

மிளகாயும் மற்றதும்

மிளகாய் போனது வேறு மாதிரி. முதுகுளத்தூர், கமுதி, கடலாடி பக்கம் கரிசலில் மானாவாரியாகப் போடும் முண்டு மிளகாய்க்கு ஜனவரி என்பது பூவும் பிஞ்சுமான காலம். பழம் எடுப்பது மாசியிலிருந்து. செடியின் வேர் இரண்டு மூன்று நாள் தண்ணீரில் நின்றாலே மூச்சு முட்டும். முதலில் பூ கொட்டும், பிறகு வெயில் வந்த முதல் நாளில் செடி துவண்டு தலை சாயும். மழை நின்றபின் நல்ல வெயில் அடித்த அன்றைக்குத்தான் மிளகாய்க்காரர்களுக்கு நஷ்டம் முழுதாகத் தெரிந்தது. 2023-இல் இந்த முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது எல்லோரும் மகிழ்ந்தோம். நானும்தான். ஆனால் அந்தக் குண்டு மிளகாயின் காரமும் நிறமும் இந்த மண்ணின் வறட்சியிலிருந்து வருவது. தையில் பத்து நாள் நீர் தேங்கினால் குறியீடு மட்டும்தான் மிஞ்சும்.

வைக்கோல் அழுகியது. இதை யாரும் கணக்கெடுக்கவில்லை. கோடைக்கு மாட்டுக்குப் போட வைக்கோல் இல்லாமல் பங்குனியில் மாடு விற்றவர்கள் உண்டு, அந்த இழப்பு எந்தப் படிவத்திலும் ஏறவில்லை. கடலோரத்தில் கருவாடு காயவில்லை. வாலிநோக்கம் பக்கம் உப்பளப் பாத்திகளைச் சீர்செய்து புதுப் பருவத்துக்குத் தயார் செய்யும் நாட்கள் அவை, மழைத் தண்ணீரை இறைப்பதில் போயின. சாயல்குடிப் பக்கம் பனையேறிகள் பாளை சீவத் தொடங்கும் காலமும் தள்ளிப்போனது.

எச்சரிக்கை எதை அளக்கிறது

புரெவிக்கு முன்னால் கைபேசியில் வந்த எச்சரிக்கைகளை எண்ணி முடியாது. ஜனவரி மழைக்கு அந்தப் பரபரப்பு இல்லை. முன்னறிவிப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. மழை தொடரும் என்று வானிலைத் துறை சொல்லிக்கொண்டுதான் இருந்தது. வாரம் இருமுறை வேளாண் வானிலை அறிக்கையும் வந்துகொண்டிருந்தது. குறை அளவுகோலில் இருக்கிறது.

24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரைத் தாண்டினால் கனமழை. 115.6-இலிருந்து மிகக் கனமழை. 204.4-ஐத் தாண்டினால் அதிகனமழை. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்ற நிறங்கள் பெரும்பாலும் இந்தப் படிகளை ஒட்டியே ஏறுகின்றன. உயிரைக் காக்கவும் சாலை, பாலம், குடியிருப்பைக் காக்கவும் இந்த அளவுகோல் சரி. ஆனால் நாளுக்கு இருபது முப்பது மில்லிமீட்டர் வீதம் விடாமல் பெய்யும் மழை இந்த ஏணியின் முதல் படியைக்கூடத் தொடாது. பயிர் பச்சையாக இருந்தால் அந்த மழை வரம். கருது முற்றியிருந்தால் 20 சென்டிமீட்டர் ஒரே நாளில் கொட்டி மறுநாள் வெயில் அடிப்பதைவிட இது கொடியது. கொட்டிய தண்ணீர் வடிந்தால் மணி காய்ந்துவிடும். தூறிக்கொண்டே இருந்தால் காயவே காயாது.

நெல்லுக்கு வேண்டிய எச்சரிக்கை வேறு வடிவத்தில் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். எத்தனை மில்லிமீட்டர் என்பதோடு, தொடர்ந்து எத்தனை நாள் கருது ஈரமாக இருக்கும், இந்த வட்டாரத்தில் எத்தனை வயல் முற்றி நிற்கிறது என்ற இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இரண்டாவது தகவல் எங்கோ விண்வெளியிலிருந்து வர வேண்டியதில்லை. யார் எப்போது விதைத்தார் என்பது கிராம நிர்வாக அலுவலரின் அடங்கல் பதிவேட்டிலும் உதவி வேளாண் அலுவலரின் குறிப்பேட்டிலும் இருக்கிறது. மழைக் கணக்கு ஒரு அலுவலகத்திலும் பயிர்க் கணக்கு ஒரு அலுவலகத்திலும் இருக்கிறது, இரண்டும் ஒரே காகிதத்தில் சந்திப்பதில்லை. சந்தித்திருந்தால் ஜனவரி முதல் வாரத்திலேயே, முற்றிய வயலை உடனே அறுங்கள் என்று அழுத்திச் சொல்லி, செயின் வண்டிகளை இந்தப் பக்கம் திருப்பியிருக்க முடியும். நாலு நாள் கிடைத்திருந்தால் எங்கள் ஊரில் பாதி நெல் களம் சேர்ந்திருக்கும்.

ஆராய்ச்சியும் இந்த மாவட்டத்தை ஒரு கண்ணால்தான் பார்த்திருக்கிறது. அது தவறு என்று சொல்ல மாட்டேன், நாங்கள் கேட்டதும் அதைத்தான். பரமக்குடி வேளாண் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 2009-இல் வந்த அண்ணா 4, வறட்சியைத் தாங்கி நூறு நாளை ஒட்டி விளைந்துவிடும் நெல். எங்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் முந்தி முற்றும் எந்த நெல்லும் ஜனவரி மழைக்கு முந்தி அகப்படும். இனி ரகம் தேர்ந்தெடுக்கும்போது, வறட்சி தாங்குமா என்பதோடு விதை எத்தனை நாள் உறங்கும் என்பதையும் கேட்க வேண்டியிருக்கிறது. சித்திரைக்கார், நொறுங்கன் போன்ற இந்த மண்ணின் பழைய நெல்களை இந்தக் கேள்வியோடு மறுபடி பரிசோதித்தால் நல்லது.

பணம் வந்த வழி

காப்பீடு இருக்கிறதே என்று நகரத்தில் இருக்கும் நண்பர்கள் கேட்டார்கள். பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தின் விதிகளை நான் அப்போதுதான் வரிவரியாகப் படித்தேன். தனி விவசாயியின் வயல் தண்ணீரில் மூழ்கினால் தனியாக இழப்பீடு கேட்கும் வழி ஒன்று இருந்தது. 2018-இல் திருத்திய வழிகாட்டுதல்படி நெல், கரும்பு போன்ற தண்ணீர் தாங்கும் பயிர்களுக்கு அந்த வழி அப்போது எடுக்கப்பட்டிருந்தது. நெல் தண்ணீரில் நிற்கும் பயிர், அதற்கு மூழ்கல் ஒரு இழப்பு அல்ல என்பது அதன் பின்னால் இருக்கும் எண்ணம். நடவு முடிந்த மாதத்தில் அது உண்மை. கருது சாய்ந்த மாதத்தில் அது உண்மை இல்லை. அறுவடைக்குப் பிந்தைய இழப்புக்கு இன்னொரு பிரிவு உண்டு. பருவம் தவறிய மழையும் அதில் சேர்த்தி. ஆனால் அறுத்து வயலில் பரப்பிக் காயவைத்த பயிருக்குத்தான் அது, அதுவும் 14 நாள் வரை. கருது அறுத்து அரி போட்டுக் காயவைத்த காலத்துக்கு எழுதியது போல இருக்கிறது. இயந்திரம் வந்தபின் பெரும்பாலான நெல் வயலில் நிற்கும் அல்லது மூட்டையில் இருக்கும், இடையில் பரப்பி வைக்கும் நிலையே இல்லை. நிற்கும்போது முளைத்த நெல் இந்த இரண்டு பிரிவுக்கும் நடுவில் விழுந்தது.

மிஞ்சியது வருவாய்க் கிராம அளவிலான அறுவடைப் பரிசோதனை. ஊரில் சில வயல்களைத் தேர்ந்து அறுத்து எடை பார்த்து, பழைய சராசரியோடு ஒப்பிடுவார்கள். தராசு எடையைச் சொல்லும். முளைத்ததா, கறுத்ததா, எந்த விலைக்குப் போகும் என்பதைச் சொல்லாது. நேரடிக் கொள்முதல் நிலையமோ அதற்கு நேர் எதிர். அங்கே ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, முளைத்த மணிக்கும் நிறம் மாறிய மணிக்கும் வரம்பு உண்டு. ஒரே நெல் காப்பீட்டுக் கணக்கில் விளைச்சல், கொள்முதல் கணக்கில் கழிவு. இந்த முரணைத்தான் எங்கள் ஊர்க்காரர்கள் கூட்டம் கூட்டமாகப் போய் அலுவலகங்களில் சொல்லிப் பார்த்தார்கள்.

நிவாரணம் வந்தது, அதை மறைக்கக் கூடாது. நிவர், புரெவிக்குப் பிறகு மாநில அரசு இடுபொருள் நிவாரணத்தை உயர்த்தியிருந்தது. மானாவாரி நெல்லுக்கும் பாசன வசதி உள்ள பயிர்களுக்கும் ஹெக்டேருக்கு 13,500 ரூபாயாக இருந்தது 20,000 ஆனது. நெல் தவிர்த்த மானாவாரிப் பயிர்களுக்கு 7,410 ரூபாய் 10,000 ஆனது. ஜனவரி மழைக்கும் உயர்த்திய அதே விகிதம்தான். ஏக்கருக்குப் பார்த்தால் நெல்லுக்கு எட்டாயிரம், மானாவாரி மிளகாய்க்கு நாலாயிரம். ஆனால் களை, மருந்து, பிறகு பழம் எடுக்கும் கூலி என்று நெல்லைவிடப் பணம் இழுக்கும் பயிர் மிளகாய். பாதி நிவாரணம் என்பது தலைகீழ்க் கணக்கு. பிப்ரவரி 5 அன்று கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடி அறிவிப்பு வந்தது. மாநிலம் முழுவதும் 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய். எங்கள் ஊரில் பலரை உண்மையில் நிமிர்த்தியது அதுதான். சொசைட்டியில் கடன் வாங்கியவர்களுக்கு. நகையை வெளியே அடகு வைத்து விதைத்த குத்தகைக்காரர்களுக்கு அதிலும் இடமில்லை.

அதற்குப் பிறகு

முளைத்த நெல்லைக் கோழித்தீவனத்துக்குக் கொடுத்தோம். கேட்ட விலைக்குக் கொடுத்தோம். விதைநெல்லுக்கு என்று ஒதுக்கி வைத்திருந்த துண்டும் முளைத்துவிட்டதால் அடுத்த ஆவணிக்கு விதையை விலைக்கு வாங்கினோம். பெரியப்பா தன் வாழ்நாளில் விதைநெல்லைக் கடையில் வாங்கியது அதுவே முதல் தடவை. மூட்டையை இறக்கும்போது அவர் கூடத் துணைக்கு நிற்கவில்லை, உள்ளே போய்விட்டார்.

சில பழக்கங்களை மாற்றிக்கொண்டோம். எல்லா வயலிலும் ஒரே ரகத்தை ஒரே வாரத்தில் விதைப்பதில்லை. ஒரு பகுதியை இரண்டு வாரம் தள்ளி விதைக்கிறோம். ஐப்பசி மழை பொய்த்தால் பிந்தியது காயும், தை மழை வந்தால் முந்தியது முளைக்கும், எப்படியும் ஒன்று மிஞ்சட்டும் என்ற கணக்கு. வயலின் தாழ்ந்த மூலையில் ஒரு வடிகால் வாய் வெட்டி வைத்திருக்கிறோம், பெரும்பாலான ஆண்டு அது மண் மூடித்தான் கிடக்கும். சாய்ந்த கருது முளைக்காமலிருக்க 5 சதவீத உப்புக் கரைசல், அதாவது லிட்டருக்கு 50 கிராம் கல்லுப்பு, தெளிக்கச் சொல்கிறார்கள். இரண்டு நாள் தாமதம் வாங்கித் தரும், அதற்குள் வண்டி வந்தால் பலன். உப்பு கைக்கெட்டும் கரையில் இருந்தும் 2021-இல் இது எங்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. தெரிந்துகொண்ட பிறகு மார்கழியில் ஒரு மூட்டை உப்பு எப்போதும் மோட்டார் கொட்டகையில் இருக்கிறது. உவர் நிலத்தில் அதிகம் இறங்கக் கூடாது என்பதால் கருதில் படும்படி மட்டும் தெளிப்போம்.

இப்போது ஒவ்வொரு ஆண்டும் மார்கழி பாதி கழிந்ததும், வானம் பளிங்கு போல இருக்கும் நாளிலும், பெரியப்பாவிடமிருந்து காலை ஆறு மணிக்குப் போன் வரும். நலம் விசாரிப்பதற்கு முன்பே கேட்டுவிடுவார்:

"ஏப்பா, செயின் வண்டிக்காரன்ட்ட சொல்லி வச்சிட்டியா?"